கடைசி ஏற்றத்தைப் பார்த்து ரூம் போடுங்கள்

74 படிகள். எண்ணியவன் நான்தான்.

குன்னூரில் நாங்கள் எடுத்த வீடு ரோட்டை விட்டுக் கீழே, தேயிலைச் சரிவில் தொங்கிக்கொண்டிருந்தது. போட்டோவில் பார்த்தபோது மயங்கியதே அந்தத் தொங்கலில்தான். நாள் முழுக்க மிதித்துவிட்டு, சாயங்காலம் அஞ்சரைக்கு, சேறு சொட்டும் 14 கிலோ சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கும்போது எந்த வியூவும் கண்ணில் படவில்லை. முழங்கால் மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. நாளைக் காலையில் இதே சைக்கிளோடு இதே படிகளில் ஏற வேண்டும் என்பது இருபதாவது படியில்தான் உறைத்தது.

நாங்கள் நாலு பேர், சென்னைக்காரர்கள். நான், ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர், என் மச்சினன். வாரக் கடைசியில் ஈ.சி.ஆரில் மிதிப்போம். ஏற்றம் என்றால் எங்களுக்குக் கத்திப்பாரா மேம்பாலம். மவுண்டன் பைக்கை வாங்கி வைத்துக்கொண்டு கடற்கரை ஓரமாகவே உருட்டிக்கொண்டிருப்பது எங்களுக்கே கூச்சமாகிப் போனதால், வருஷத்துக்கு ஒரு தடவை அஞ்சு நாள் நீலகிரி என்று முடிவு செய்தோம். முதல் வருஷம் ஊட்டி, அடுத்தது குன்னூர், மூன்றாவது கோத்தகிரி. அதற்கப்புறம் இரண்டு தடவை போனதும் கோத்தகிரிக்கேதான்.

போகிறேன் என்று சொல்லும் நண்பர்கள் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ரூட்?" அது தினமும் மாறக்கூடிய விஷயம். பிடிக்கவில்லை என்றால் பாதியில் திரும்பிவிடலாம். தங்குகிற இடம் அப்படி இல்லை. முன்பணம் கட்டியாச்சு, பையைப் பிரிச்சாச்சு, அஞ்சு நாளும் சாயங்காலம் அங்கேதான் வந்து சேர வேண்டும்.

ஊட்டிக்கு நாங்கள் போனது மே மாதம். ஆபீஸில் லீவு கிடைத்தது அப்போதுதான். சீசன் நேரத்தில் போலீஸ் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாக விட்டு, இறங்குகிறவற்றைக் கோத்தகிரி வழியாக அனுப்புவது வழக்கம். அதனால் மலையில் எந்த மெயின் ரோட்டில் கால் வைத்தாலும் ஒரு பக்கமாகப் பெருகிவரும் கார்களுக்கு நடுவே மாட்டுவோம். ஊட்டியிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் முதல் அஞ்சு கிலோமீட்டர் ஹாரனும் டீசல் புகையும்தான். இப்போது இ-பாஸ் இருக்கிறது. 2024 மே மாதம் வந்தது. 2025 சீசனில் ஹைகோர்ட் சொல்லி, நாள் ஒன்றுக்கு 6,000 வண்டிகள், சனி ஞாயிறு 8,000 என்று கணக்கும் வைத்தார்கள். 6,000 கார் என்பதும் சைக்கிளில் போகிறவனுக்குப் பெரிய ஆறுதல் இல்லை.

அதைவிட முக்கியம் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். ராத்திரி சென்னையில் கிளம்பி, மத்தியானம் அங்கே இறங்கி, அன்றைக்கே தொட்டபெட்டாவுக்கு மிதித்தோம். அது 2,637 மீட்டர். பாதியில் மச்சினன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ரோட்டோரமாக உட்கார்ந்தான். "தலை வலிக்குது மாமா, மூச்சு முழுசா உள்ள போக மாட்டேங்குது." அவன்தான் எங்களில் சின்னவன், ஜிம்முக்குப் போகிறவன். மறுநாள் அவன் ரூமில் போர்வைக்குள். அஞ்சில் ஒரு நாள் போச்சு. கோத்தகிரியும் குன்னூரும் ஊட்டியைவிட சுமார் 400 மீட்டர் கீழே. முதல் ராத்திரித் தூக்கத்துக்கு அந்த வித்தியாசம் போதும் என்பது எங்கள் அனுபவம்.

ஊட்டியில் இன்னொரு பாடமும் கிடைத்தது. சாட்டிலைட் படத்தில் அவலாஞ்சிப் பக்கம் அழகான மண்பாதை ஒன்றைப் பார்த்து வைத்திருந்தோம். ஒன்றரை கிலோமீட்டர் போனதும் ஃபாரஸ்ட் கார்டு ஒருவர் நிறுத்தினார். காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே வந்தது எங்கள் தப்புதான். அவர் கத்தவில்லை, பெயர் எழுதிக்கொண்டு திருப்பி அனுப்பினார். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் இறந்த பிறகு, இந்த விஷயத்தில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு விடுவதில்லை. விடவும் கூடாது. 2024-இல் அரசு ஆரம்பித்த மலையேற்றத் திட்டத்தில் நீலகிரிப் பாதைகள் சில இருக்கின்றன. ஆனால் அது வழிகாட்டியோடு நடந்து போகிறவர்களுக்கு. சைக்கிளுக்கென்று குறியிட்ட பாதை, சைக்கிளை மேலே ஏற்றிவிடும் ரோப் கார் என்றெல்லாம் வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு வருபவர்கள் முதலிலேயே மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டும். நமக்குக் கிடைப்பது படுகர் மக்களின் கிராமங்களான ஹட்டிகளை இணைக்கும் சின்ன ரோடுகள், பஞ்சாயத்து மண்பாதைகள், கேட்டுவிட்டுப் போனால் விடுகிற எஸ்டேட் வழிகள். நாலு நாளைக்கு இவையே தாராளம். ஆனால் இவை எங்கே அடர்த்தியாக இருக்கின்றனவோ அங்கே தங்க வேண்டும். ஊட்டியில் அந்த அடர்த்தியைத் தொடவே தினமும் டவுனைக் கடந்தாக வேண்டியிருந்தது.

சரி, தலைப்பில் சொன்ன கடைசி ஏற்றத்துக்கு, அதாவது நாள் முடிவில் ரூமுக்குத் திரும்பும் ஏற்றத்துக்கு, வருகிறேன்.

ஊட்டி மேலே இருக்கிறது. அதனால் காலையில் எங்கே போனாலும் இறக்கம், ஜாலி. கேத்தி பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே குன்னூர் வரைக்கும் காற்று மாதிரி போய்விடலாம். திரும்பி வருவது 18, 19 கிலோமீட்டர், 400 மீட்டர் ஏற்றம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், பஸ்ஸும் வேனும் உரசிக்கொண்டு போகும் ரோட்டில். மூன்றாம் நாள் நாங்கள் ஒரு பிக்கப் வண்டிக்காரரிடம் காசு கொடுத்து நாலு சைக்கிளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தோம். கேரட் மூட்டைகளோடு மூட்டையாக.

குன்னூர் ஒரு கிண்ணம். பஸ் ஸ்டாண்டும் ரயில்வே ஸ்டேஷனும் அடியில், நல்ல வீடுகளெல்லாம் விளிம்பில். டால்பின் மூக்கு, லேம்ஸ் ராக் பக்கம் காலை ஆறரைக்கு மிதித்தால் சொர்க்கம். பத்து மணிக்கு அதே ரோடு டாக்ஸிக்காரர்களுடையது. டவுனுக்கு எதற்காக இறங்கினாலும் அறைக்குத் திரும்ப ஏற வேண்டும். மாத்திரைக்குக்கூட. அதற்கு மேல் எங்கள் 74 படிகள். தங்கிய நாலு ராத்திரியும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெளியே போக ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. பிஸ்கட்டும் வர்க்கியும் தின்று படுத்தோம்.

கோத்தகிரி நீலகிரியின் கிழக்குத் தோளில் உட்கார்ந்திருக்கிறது. மேற்கே கட்டபெட்டு வழியாகத் தொட்டபெட்டாப் பக்கம் போனால் ஏற்றம். கிழக்கே கோடநாடு பார்க்கப் போனால் 18 கிலோமீட்டர், ஏறியும் இறங்கியும் அலை மாதிரி. எங்கள் கணக்கு எளிது: காலையில் கால் புதிதாக இருக்கும்போது மேற்கே ஏறு, மத்தியானத்துக்கு மேல் இறங்கி வீடு வா. ஏதாவது ஒரு ஹட்டிக்குள் திரும்பிவிட்டால் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கூப்பிடுவார். "என்ன தம்பி, பஸ்ஸு வருமே, எதுக்கு இந்தப் பாடு?" பதில் சொல்வதற்குள் டீ வந்துவிடும். வண்டி உதவி இல்லாமல், வாசலிலிருந்தே கிளம்பி வாசலுக்கே திரும்புகிற மாதிரி நாலு சுற்றுகள் எங்களுக்கு அங்கே அமைந்தன. மற்ற இரண்டு ஊர்களிலும் இரண்டைத் தாண்டவில்லை.

அதற்காக எல்லாரும் கோத்தகிரிக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. கூட வருகிறவர்களில் மிதிக்காதவர்கள் இருந்தால் குன்னூர்தான் நல்லது. சிம்ஸ் பார்க் இருக்கிறது, மலை ரயில் இருக்கிறது. கோத்தகிரியில் அவர்கள் இரண்டாம் நாளே "இங்க பார்க்க என்னதான் இருக்கு?" என்று ஆரம்பிப்பார்கள், அதில் நியாயமும் உண்டு. எமரால்டு, மஞ்சூர் பக்கமாக நீண்ட தார் ரோடு ஓட்டத்தான் ஆசை, உயரம் பழகிய உடம்பு என்றால் ஊட்டியே சரி. ஆனால் டவுனுக்குள் வேண்டாம், வெளியே தங்குங்கள்.

மழையைப் பார்க்காமல் தேதி போடுவது இன்னொரு பழக்கம். நீலகிரிக்கு இரண்டு மழை, இரண்டும் வேறு வேறு பக்கத்தில் அடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சிப் பக்கத்தைப் பிழியும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. சென்னைக்கு வருஷம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கும் மேல் அது. அந்த மாதங்களில் கோத்தகிரியில் தூறலும் மேகமுமாக ஓட்டிவிடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலைமை தலைகீழ். வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மோதும். 2009 நவம்பரில் இந்தப் பக்கத்தில்தான் மண்சரிந்து 40 பேருக்கு மேல் போனார்கள். ஆக, தீபாவளி லீவோடு சேர்த்துக் கோத்தகிரிக்குப் போடுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எங்களுக்குப் பிடித்தது ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும். காய்ந்த மண், தெளிந்த வானம். ஊட்டியில் அந்தச் சமயம் புல் மேல் உறைபனி படியும். பிரேக் பிடிக்கிற விரலுக்கு உணர்ச்சி வரவே எட்டரை மணியாகும். கோத்தகிரியில் குளிர்தான் என்றாலும் ஆறே முக்காலுக்குக் கிளம்பிவிடலாம். அந்த ஒன்றே முக்கால் மணி நேரம் ஒரு முழு ஏற்றத்துக்குச் சமம்.

இனி வீடு. 74 படிக்குப் பிறகு போனில் நான் கேட்கிற கேள்விகள் மாறிவிட்டன. கோத்தகிரியில் ஒரு வீட்டுக்கார அக்காவிடம் ரோட்டிலிருந்து வாசலுக்கு எத்தனை படி என்று கேட்டதும், "என்ன தம்பி, படிக்கட்டை எண்ணிட்டா வீடு எடுப்பீங்க?" என்றார். காரணம் சொன்னதும் சிரித்தார். படியே இல்லை, கார் வாசல் வரைக்கும் வரும். சைக்கிளை எங்கே வைக்கலாம்? போர்ட்டிகோவில், ராத்திரி கிரில் கேட்டைப் பூட்டிவிடுவேன். கழுவக் குழாய்? "தோட்டத்துக் குழாய் இருக்கு, ஹோஸும் இருக்கு. ஆனா உள்ளார சேத்தோட வரக்கூடாது, சொல்லிட்டேன்." காலையில் ஆறு மணிக்கு ஏதாவது சாப்பிடக் கிடைக்குமா? இதில்தான் பல ஹோம்ஸ்டேக்கள் தடுக்கும். எட்டரைக்கு முன்னால் அடுப்பு பற்றாது. அக்கா ராத்திரியே இட்லி மாவை எடுத்து வைக்கிறேன், நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள் என்றார். அப்புறம் துணி காயப் போட மேலே கூரை போட்ட கொடி. கோத்தகிரிப் பனியில் வெளியே போட்ட சாக்ஸ் மூன்று நாளானாலும் காயாது.

அந்தப் போர்ட்டிகோ எங்கள் ஒரு பயணத்தையே காப்பாற்றியது. மூன்றாம் வருஷம், இரண்டாம் நாள். எஸ்டேட் ஆபீஸில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போயிருந்தோம். மேஸ்திரி ஒருவர், இலை எடுக்கிறவர்கள் இருக்கும் பக்கம் போகாதீர்கள், ட்ரெய்ன் இருக்கிறது பார்த்துப் போங்கள் என்றார். மழைத்தண்ணீர் வடியத் தேயிலை வரிசைகளுக்குக் குறுக்கே வெட்டியிருக்கும் வாய்க்காலைத்தான் அங்கே ட்ரெய்ன் என்கிறார்கள். ஓரடி அகலம், அதே ஆழம். மேலே பெரணி மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. நண்பனின் முன்சக்கரம் தாண்டிவிட்டது, பின்சக்கரம் இறங்கியது. வலது பக்கமாகச் சாய்ந்து விழுந்ததில், கியருக்காகச் செயினைப் பல் மாற்றிவிடும் டீரெய்லர் சில்வர் ஓக் அடிமரத்தில் மோதியது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போச்சு. சைக்கிளில், டீரெய்லரை ஃபிரேமோடு பிடிக்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு இருக்கிறதே, ஹேங்கர், அது உள்ளே வளைந்துவிட்டது. பெரிய பல்லுக்குச் செயின் போனால் ஸ்போக்கில் சிக்கும் நிலை.

கடைவீதியில் ஒரு சைக்கிள் கடை. கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பார்ட்டெல்லாம் கோயமுத்தூர்லதான் தம்பி. அங்கேயும் உங்க மாடலுக்கு இருக்கான்னு தெரியாது" என்றார். கோயமுத்தூர் போய்வர ஒரு நாள். ஹேங்கர் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். மாற்று ஒன்று எடுத்து வந்திருக்க வேண்டும், எடுத்து வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி போர்ட்டிகோவில் பல்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். என் சைக்கிள் பழையது, பின்சக்கரத்தில் கையாலேயே கழற்றுகிற குயிக் ரிலீஸ் கம்பி. அந்தக் கம்பியை உருவிவிட்டால் இரண்டு பக்கமும் ஆக்ஸிலின் மரை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மரையும் ஹேங்கரில் டீரெய்லர் மாட்டுகிற ஓட்டையின் மரையும் ஒரே அளவு, 10 மில்லிமீட்டர். டீரெய்லரைக் கழற்றிவிட்டு, என் சக்கரத்தை முழுசாக ஹேங்கரில் திருகினோம். இப்போது அவன் சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு சக்கரங்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஹேங்கர் நேராக இருந்தால் இரண்டு ரிம்மும் எந்த இடத்தில் அளந்தாலும் ஒரே இடைவெளியில் இருக்கும். எங்களுக்கு மேலே நாலு விரல், கீழே ரெண்டரை. என் சக்கரத்தையே நெம்புகோலாகப் பிடித்து, மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு வளைத்தோம். அலுமினியம், திரும்பத் திரும்ப முன்னும் பின்னும் ஆட்டினால் பட்டென்று உடைந்துவிடும். ஒரே பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக வந்தாக வேண்டும். அக்கா வாசற்படியில் நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். "மேல இன்னும் கொஞ்சம் தள்ளியிருக்கு பாருங்க" என்று அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். ஒன்பதரைக்கு கியர் ஒழுங்காக விழுந்தது. கடைசிப் பல்லில் மட்டும் லேசாக முனகியது, அது ஊர் திரும்பும் வரைக்கும் முனகிக்கொண்டே வந்தது.

இது 74 படிக்குக் கீழே, இருட்டில், ஈரப் புல்தரையில் நடந்திருக்காது. இப்போது ஆளுக்கொரு ஹேங்கர், இரண்டு செட் பிரேக் பேட், 29 இஞ்ச் ட்யூப் மூன்று எங்கள் பையில் நிரந்தரம். மலை டவுன்களில் அந்த அளவு ட்யூப் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. பேட் எதற்கு என்றால், கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினவன் குஞ்சப்பனைக்கு வருவதற்குள் தீய்ந்த வாசனை வர ஆரம்பித்துவிட்டது. குஞ்சப்பனையில் பலாப்பழ சீசனில் யானை ரோட்டுக்கே வரும் என்பதால், நின்று டிஸ்க்கை ஆற வைக்க அது நல்ல இடமும் இல்லை.

காட்டுமாடு வேறு கதை. கோத்தகிரியிலும் குன்னூரிலும் தேயிலைக்குள் மாடு மேய்கிற மாதிரி சாதாரணமாக நிற்கும். ஒரு நாள் வளைவில் திரும்பினால் பத்தடியில் ஒன்று. கறுப்பு உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி. நாங்கள் மூச்சு விடவில்லை. மேலே வேலை செய்துகொண்டிருந்த அம்மா ஒருவர், "ஓடாதீங்க, அப்படியே பின்னாடி போங்க கண்ணு" என்று சத்தமில்லாமல் சொன்னார். அது புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டுவிட்டு நகர்ந்தது. கரடியும் உண்டு, அது இருட்டின பிறகு. அதனால்தான் அஞ்சரைக்குள் வீடு என்பதில் நாங்கள் கறார். கடைசி ஒரு மணி நேரம் ஏற்றமாக இருந்தால் அந்தக் கணக்கு தினமும் உதைக்கும். இறக்கமாக இருந்தால் அரை மணி தாமதமானாலும் சமாளித்துவிடலாம்.

போன டிசம்பரில் பிப்ரவரிக்குப் பேசலாம் என்று அக்காவுக்குப் போன் போட்டேன். பக்கத்திலேயே புதிதாக இரண்டு அறை கட்டியிருக்கிறாராம். சரிவில், கண்ணாடிச் சுவர் வைத்து, படுத்துக்கொண்டே பள்ளத்தாக்கைப் பார்க்கலாமாம். பழகினவங்க, அதே வாடகைக்குத் தருகிறேன் என்றார்.

"படி எத்தனைக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நாற்பதுதான் தம்பி."

காம்பவுண்டு சுவரைப் பார்த்த பழைய ரூமையே போட்டேன்.